நூற்புழு எதிர்ப்பு ரகம் போட்டும் உருளைக்கிழங்கு ஏறலையா? ரகத்தை திட்டுறதுக்கு முன்னாடி வேரைப் பாருங்க

கேரளா இடுக்கி மலையில வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர், காந்தளூர் பக்கம் உருளைக்கிழங்கு போடுறவங்களுக்காக எழுதுறேன், கொடைக்கானல் மேல்மலை மன்னவனூர் பூம்பாறை ஆளுங்களுக்கும் அப்படியே பொருந்தும். "நூற்புழு எதிர்ப்பு ரகம்னு சொல்லித்தானே குடுத்தாங்க, அப்புறமும் செடி குட்டையா நிக்குது, ரகம் டூப்பு"ங்கிற பேச்சு எங்க போனாலும் கேக்குது. சில நேரம் அது உண்மைதான். ஆனா பாதி நேரம் ரகம் தன் வேலைய ஒழுங்கா பாத்துட்டுதான் இருக்கும், நாம பாக்குற இடம்தான் தப்பு. இலையைப் பாத்து இந்த விஷயத்துல ஒரு முடிவும் எடுக்க முடியாது, வேரைப் பாக்கணும், அதுவும் சரியான நேரத்துல பாக்கணும்.

முதல்ல யாரோட சண்டைன்னு தெரிஞ்சுக்கோங்க. இது முட்டைக்கூடு நூற்புழு, மண்ணுல இருந்து கிழங்குச் செடி வேருக்குள்ள புகுந்து தின்னுற பொடிப் புழு. இந்தியாவுல முதல்ல கண்டுபிடிச்சது 1961-ல, ஊட்டி விஜயநகரம் பண்ணையில, ஜோன்ஸ்னு ஒரு வெள்ளைக்கார நூற்புழு நிபுணர். அப்போ எல்லாத்தையும் ஒரே புழுன்னுதான் நெனச்சாங்க, 1973-லதான் ஸ்டோன்ங்கிறவரு இது ஒண்ணு இல்ல ரெண்டு இனம்னு பிரிச்சு எழுதுனாரு. ஒண்ணு ரோஸ்டோகியென்சிஸ், இன்னொண்ணு பல்லிடா. நம்ம சவுரியத்துக்கு மஞ்சள் புழு, வெள்ளைப் புழுன்னு வச்சுக்கலாம், ஏன்னு கீழ வரும். கேரளாவுல வெள்ளைப் புழு இருக்குன்னு 1988-லேயே பதிவாயிருக்கு, அதனால "நம்ம ஊர்ல அதெல்லாம் கிடையாது, ஊட்டிக்காரன் பிரச்சனை"ன்னு சொல்றதுக்கு வழியில்ல.

இந்த ரெண்டு இனத்துக்குள்ளேயும் மறுபடி வகை இருக்கு. ஒரு எதிர்ப்பு ரகத்தை எந்தப் புழுக்கூட்டம் தாண்டுது, எது தாண்டலங்கிறதை வச்சு ஐரோப்பாவுல 1977-ல ஒரு பட்டியல் போட்டாங்க. மஞ்சள்ல ரோ1-லருந்து ரோ5 வரைக்கும், வெள்ளையில பா1, பா2, பா3. நீலகிரியில அதிகமா இருக்கிறது ரோ1-ம் பா2-வும். அதாவது "நூற்புழு எதிர்ப்பு"ன்னு சும்மா சொன்னா பாதி வாக்கியம்தான் சொன்ன மாதிரி, எந்தப் புழுவுக்கு, எந்த வகைக்குன்னு சேத்து சொன்னாதான் அது முழுசா ஒரு தகவல்.

தேவையான சாமான்: மம்பட்டி, ஒரு வாளி தண்ணி, பத்து மடங்கு லென்ஸ் (நூறு இருநூறு ரூபாய்க்கு கிடைக்கும், போன் கேமரா ஜூம் பத்தாது), ஒரு வெள்ளைத் தட்டு. நேரம்: நட்டு 45 நாளுக்கு மேல 60 நாளுக்குள்ள, பூ எடுக்கிற சமயம். செடியைப் பிடிச்சு இழுத்தீங்கன்னா மெல்லிய வேர் எல்லாம் மண்ணுலயே நின்னுரும், பாக்க வேண்டியதே அந்த மெல்லிய வேர்தான். சுத்தி வெட்டி மண்கட்டியோட தூக்கி, வாளித் தண்ணிக்குள்ள வச்சு மண்ணு தானா கரையுற வரைக்கும் விடுங்க, அப்புறம் வேரைத் தட்டுல பரப்பி லென்ஸ்ல பாருங்க. கசகசாவுல பாதி சைஸ்ல, வழுவழுன்னு உருண்டையா, வேர்ல ஒட்டிக்கிட்டு மணி மணியா இருந்தா அதுதான் பொம்பளப் புழு. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனா அது காஞ்சு பழுப்புக் கூடா மாறுறப்ப உள்ள 200-லருந்து 500 முட்டை இருக்கும்.

இனி அறிகுறி வாரியா.

திட்டுத்திட்டா குட்டை, மத்தியானம் தொங்குது, ஆனா வேர்ல மணியே இல்ல

இதுதான் அதிகமா ஆளை ஏமாத்துற அறிகுறி. போட்டது எதிர்ப்பு ரகம், காட்டுல ஒரு மூலையில செடி முழங்காலுக்கும் வரல, அடி இலை மஞ்சளாகுது. உடனே ரகம் தோத்துருச்சுன்னு முடிவு பண்ணிருவாங்க. வேரைக் கழுவிப் பாத்தா வேர் கொத்தா சிதறி, பக்கவேர் நிறைய விட்டு, அங்கங்க பழுப்பா இருக்கும், ஆனா மணி இருக்காது.

நடந்தது என்னன்னா, எதிர்ப்பு ரகம்னா புழு வேருக்குள்ள நுழையாதுன்னு அர்த்தம் இல்ல. கிழங்கு வேர்லருந்து கசியுற திரவம் பட்டதும் கூட்டுக்குள்ள தூங்குற முட்டை பொரியும், அது எதிர்ப்பு ரகமா இருந்தாலும் பொரியும், குஞ்சு கிளம்பி வந்து வேரைத் துளைச்சு உள்ள போகும். போன இடத்துல பக்கத்து செல்லையெல்லாம் கரைச்சு ஒண்ணாக்கி தனக்கு ஒரு சாப்பாட்டு அறை கட்டும். சாதா ரகத்துல அந்த அறை நல்லா பெருத்து புழு வாரக்கணக்குல உக்காந்து தின்னு பொம்பளையா உப்பும். எதிர்ப்பு ரகத்துல அந்த அறையைச் சுத்தி இருக்கிற செல்லு செத்துப் போய் சப்ளை கட்டாயிரும். இதுல ஒரு வேடிக்கை, இந்தப் புழுவுக்கு ஆணா பெண்ணான்னு முடிவாகுறது கிடைக்கிற சாப்பாட்டை வச்சுத்தான், சாப்பாடு கம்மின்னா ஆணாயிரும். ஆணு கூடு கட்டாது. அதனால எதிர்ப்பு ரகத்து வேர்ல கொஞ்சம் புழு சாகும், கொஞ்சம் ஆணாகி வெளிய போகும், மணி வராது.

ஆனா உள்ள நுழைஞ்சப்ப வேர் அடிபட்டது அடிபட்டதுதானே. மண்ணுல முட்டை எக்கச்சக்கமா இருந்து ஒரே நேரத்துல ஆயிரக்கணக்குல நுழைஞ்சா எந்த ரகமா இருந்தாலும் செடி குட்டையாகத்தான் செய்யும். புழு பெருகாம தடுக்கிறது ஒரு குணம், அடி தாங்கி விளையுறது வேற குணம், ரெண்டும் ஒரே ரகத்துல இருக்கணும்னு சட்டம் இல்ல.

அப்போ மணி இல்லன்னா சந்தோஷப்படுங்க, ரகத்தை மாத்தாதீங்க. இந்த வருஷம் விளைச்சல் போச்சு, ஆனா மண்ணுல இருந்த முட்டையில பெரும்பங்கு பொரிஞ்சு வாரிசு இல்லாம போச்சு. கிழங்கே போடாம சும்மா விட்டா குளிர் நாட்டுக் கணக்குல வருஷத்துக்கு சுமார் மூணுல ஒரு பங்குதான் குறையும், எதிர்ப்பு ரகம் ஒழுங்கா வேலை செஞ்சா ஒரே பயிர்ல முக்கால்வாசி வரைக்கும் குறையும். அடுத்த ரெண்டு மூணு பயிருக்கு பூண்டு, கேரட், பீன்ஸ், கோஸ்னு போயிட்டு அப்புறம் வாங்க. கோபத்துல அடுத்த தடவை ஜோதி மாதிரி எதிர்ப்பு இல்லாத ரகத்தைப் போட்டீங்கன்னா குறைச்சதெல்லாம் ஒரே பயிர்ல திரும்பி வந்துரும்.

கடையில எதிர்ப்பு ரகம்னுதான் சொன்னாங்க, வேர் பூரா மணி

எதுக்கு எதிர்ப்புன்னு கேட்டீங்களா? மலையில "எதிர்ப்பு ரகம்"னா பாதி பேர் சொல்றது இலைக்கருகல் நோய்க்கு எதிர்ப்பு. குஃப்ரி ஜோதி 1968-ல வந்ததே கருகலைத் தாங்கும்னு சொல்லித்தான், நூற்புழுவுக்கு அது விருந்துச் சாப்பாடு. குஃப்ரி கிரிராஜ் ரகமும் அப்படித்தான். நூற்புழுவுக்குன்னு நீலகிரிக்காக வந்தது குஃப்ரி ஸ்வர்ணா, 1985-ல, அதுக்கப்புறம் நீலிமா, சஹ்யாத்ரி. பேரைக் கேளுங்க, பேர் தெரியாதுன்னு சொன்னா அது ஜோதின்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடுங்க. இதுக்கு மேல இந்த அறிகுறியில ஆராய ஒண்ணும் இல்ல.

ஒரு செடியில கொட்டிக் கிடக்கு, பக்கத்துச் செடி சுத்தம்

ஒரே பார்ல நாலு செடி தோண்டுனா ஒண்ணுல மட்டும் மணி சடைசடையா, மத்த மூணுலயும் ஒண்ணோ ரெண்டோ. புழு ரகத்தைத் தாண்டிருச்சுன்னா இப்படி செடிக்குச் செடி துண்டா வெட்டுன மாதிரி வராது, ஒரு திட்டு முழுக்க பரவலாத்தான் வரும். இது விதைக்கலப்பு, இல்லன்னா போன தடவை மண்ணுல விட்டுப்போன ஜோதிக்கிழங்கு தானா முளைச்சது. மணி நிறைய இருக்கிற செடியோட பூ நிறம், இலை அமைப்பு, கிழங்குத் தோல், கண்ணு ஆழம் இதெல்லாம் பக்கத்துச் செடியோட வச்சுப் பாருங்க, வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்.

தானா முளைக்கிற செடியை லேசா எடுத்துக்காதீங்க. "சும்மா நாலு கிழங்கு கிடைக்கும்ல"ன்னு கோஸ் காட்டுக்கு நடுவுல விட்டு வைப்பாங்க, பயிர் மாத்துறதோட பலனே அதுல போயிரும். முளைச்சு அஞ்சாறு வாரத்துக்குள்ள பிடுங்கிட்டா புழு உள்ள மாட்டிக்கிட்டு முட்டை வைக்க முடியாம போகும், அதுக்கு மேல விட்டா நாமளே வளத்து விட்ட கணக்கு. தக்காளி, கத்திரியும் இதே குடும்பம், வீட்டோரத்துல ரெண்டு தக்காளிச் செடி வச்சாலும் இதே பேச்சுதான்.

முன்னாடி மஞ்சள் மணி இருந்துச்சு, இப்போ வெள்ளை மட்டும்தான் வருது

இங்க கொஞ்சம் நின்னு நிதானமா பாக்கணும், ஏன்னா பெரிய விஷயமே இதுலதான் இருக்கு.

ரோஸ்டோகியென்சிஸ் மணி முதல்ல வெள்ளையா இருந்து, அப்புறம் நல்ல தங்க மஞ்சளாகி, கடைசியில பழுப்பாகும். பல்லிடா வெள்ளை இல்ல பாலாடை நிறத்துல இருந்து நேரா பழுப்புக்குப் போயிரும், நடுவுல மஞ்சளே கிடையாது. அதனால ஒரு நாள் பாத்துட்டு "எல்லாம் வெள்ளை, பல்லிடாதான்"னு சொல்லக்கூடாது, அது இளசா இருக்கிற மஞ்சள் புழுவாவும் இருக்கலாம். ஒரு வாரம் விட்டு அதே இடத்துல வேற செடி தோண்டி மறுபடி பாருங்க, அதுக்கடுத்த வாரமும் பாருங்க. ஒரு தடவைகூட மஞ்சள் கண்ணுல படாம வெள்ளையும் பழுப்பும் மட்டும் இருந்தா பல்லிடான்னு சந்தேகப்படலாம். எல்லாம் பழுப்பானதுக்கு அப்புறம் கண்ணால பிரிக்கவே முடியாது, அதுக்கு மைக்ராஸ்கோப், டிஎன்ஏ டெஸ்ட்னு லேபுக்குத்தான் போகணும்.

சரி, ஏன் மஞ்சள் போய் வெள்ளை வந்துச்சு? இங்கிலாந்துக் கதையைக் கேளுங்க. தென் அமெரிக்க ஆண்டிகேனா கிழங்குலருந்து ஹெச்1னு ஒரு ஜீன் கிடைச்சுது, எல்லன்பிங்கிறவரு 1952-ல அந்த எதிர்ப்பை வெளிய சொன்னாரு. அதை வச்சு வந்த மேரிஸ் பைப்பர் ரகம் 1966-ல வந்து நாடு முழுக்க பரவுச்சு. ஹெச்1 ரோ1-ஐயும் ரோ4-ஐயும் சுத்தமா நிறுத்தும், பல்லிடாவை ஒண்ணும் பண்ணாது. ரெண்டு புழுவும் கலந்து கிடந்த காட்டுல வருஷா வருஷம் பைப்பரைப் போட்டா என்ன ஆகும், மஞ்சள் அழியும், அது காலி பண்ணுன இடமும் சாப்பாடும் பூரா வெள்ளைக்குப் போகும். 2002-ல வந்த ஒரு சர்வேயில இங்கிலாந்து, வேல்ஸ்ல கிழங்குக் காடுகள்ல 64 சதவீதத்துல இந்தப் புழு இருந்துச்சு, புழு இருந்த காட்டுல 67 சதவீதம் பல்லிடா மட்டும், 8 சதவீதம்தான் ரோஸ்டோகியென்சிஸ் மட்டும், மிச்சத்துல ரெண்டும். அங்க எந்தப் புழுவும் புதுசா மாறலை, புதுசா வந்து இறங்கவும் வேண்டியதில்ல, முன்னாடியே ஓரமா இருந்த கூட்டத்தை விவசாயி கையாலேயே மேல கொண்டு வந்தாங்க.

வெள்ளை இன்னும் கொஞ்சம் தொல்லை ஏன்னா அதோட முட்டை மெதுவா, நீண்ட நாளைக்கு விட்டு விட்டு பொரியும், கொஞ்சம் குளிர்ச்சியான மண்ணுலயும் வேலை செய்யும். பயிர் சீக்கிரம் வெட்டி எடுத்துட்டா தப்பிக்கலாங்கிற கணக்கு அதுகிட்ட அவ்வளவா எடுபடாது.

நம்ம ஸ்வர்ணா இந்த விஷயத்துல ஹெச்1 ரகம் மாதிரி இல்ல, ரெண்டு இனத்துக்கும் சேத்துதான் எதிர்ப்பு வச்சிருக்கு. அதோட தாய் தகப்பன்ல ஒண்ணு வெர்னியைங்கிற காட்டுக் கிழங்குலருந்து வந்த ஒரு டச்சு வரிசை (ரகம் உருவாக்க வளத்த வம்சம்), 1977 பட்டியல் போட்டப்ப வகை பிரிக்கிறதுக்கு அளவுகோலா வச்ச வரிசைகள்ல அதுவும் ஒண்ணு. அந்தப் பட்டியல்படி அது பா2-வை நிறுத்தும், பா3-ஐ நிறுத்தாது. அதனால வேர்ல வெள்ளை மணி பெருகுதுன்னா ரெண்டு கேள்வி: நீங்க போட்டது மஞ்சளை மட்டும் தடுக்கிற ரகமா, இல்ல ரெண்டையும் தடுக்கிற ரகத்தையே தாண்டுற கூட்டம் உங்க மண்ணுல இருக்கா. முதல் கேள்விக்கு ரகம் மாத்துனா போதும். ரெண்டாவதுக்கு கீழ படிங்க.

மணி இருக்கு, ஆனா ஜோதியில இருக்கிற அளவு இல்ல. இது பாஸா ஃபெயிலா?

எதிர்ப்புங்கிறது சுவிட்ச் இல்ல, உண்டு இல்லன்னு ரெண்டே பதில் வர்றதுக்கு. ஹெச்1 மாதிரி ஒத்தை ஜீன்ல அப்படி பளிச்சுன்னு பதில் வரும், வெர்னியைலருந்து வந்த எதிர்ப்பு பல ஜீன் சேந்தது, அதுல நாலஞ்சு மணி தப்பிச்சு வர்றது சகஜம். எவ்வளவு தப்பிக்குதுங்கிறதுதான் கேள்வி.

ஐரோப்பாவுல 2007-லருந்து இதுக்கு 1 முதல் 9 வரைக்கும் மார்க் போடுறாங்க. சாதா ரகத்துல வர்ற புழு எண்ணிக்கையை நூறுன்னு வச்சா, சோதிக்கிற ரகத்துல எத்தனைன்னு பாக்குறது. ஒண்ணுக்கும் கீழன்னா 9 மார்க், மூணுலருந்து அஞ்சுக்குள்ளன்னா 7, பத்துலருந்து பதினஞ்சுன்னா 5, இருபத்தஞ்சுக்கு மேல அம்பது வரைக்கும்னா 3, நூறைத் தாண்டுனா 1.

இதை வீட்டுலயே தோராயமா பாக்கலாம், செலவு ஒண்ணும் பெருசா இல்ல. சந்தேகப்படுற திட்டுல பல இடத்துலருந்து மண்ணு எடுத்து ஒண்ணாப் போட்டு நல்லா கலக்குங்க, கலக்குறதுலதான் சூட்சுமமே இருக்கு, ஏன்னா ஒரு கைப்பிடியில கூடு குவிஞ்சு கிடக்கும், அடுத்த கைப்பிடியில ஒண்ணு இருக்காது. அரை லிட்டர் பிடிக்கிற தெளிவான பிளாஸ்டிக் டம்ளர் பத்து வாங்கி, அடியில ஓட்டை போட்டு, எல்லாத்துலயும் அதே மண்ணை நிரப்புங்க. அஞ்சுல ஜோதி, அஞ்சுல உங்க எதிர்ப்பு ரகம், ஒத்தை முளை விட்ட சின்னக் கிழங்கு ஒண்ணொண்ணா. டம்ளரைச் சுத்தி கருப்பு கவர், வேருக்கு வெளிச்சம் படக்கூடாது, பச்சைப் பாசி பிடிச்சா ஒண்ணும் தெரியாது. நிழல்ல வச்சு ஈரம் மட்டும் காய விடாம பாத்துக்கோங்க, தண்ணி தேங்கவும் கூடாது. ஏழு எட்டு வாரம் கழிச்சு கவரைக் கழட்டுனா வேர் டம்ளர் சுவத்துல ஒட்டி ஓடியிருக்கும், மணி வெளியருந்தே தெரியும், லென்ஸ் வச்சு எண்ணுங்க. ஆறாவது வாரத்துல ஒரு தடவை எட்டிப் பாத்தா நிறமும் தெரிஞ்சுரும்.

ஜோதி டம்ளர் அஞ்சுலயும் சேத்து 80 மணி, எதிர்ப்பு ரகத்துல 4-ன்னா அஞ்சு சதவீதம், ரகம் நல்லா வேலை செய்யுது, தைரியமா போடலாம். 80-க்கு 40-ன்னா அந்த ரகம் அந்த மண்ணுல பாதிக் கதவைத் திறந்து விட்டுருக்கு. ஜோதியிலயே மணி வரலைன்னா டெஸ்ட் செல்லாது, மண்ணுல புழு இல்ல, இல்லன்னா டம்ளர் சூடாகிருச்சு, இந்தப் புழுவுக்கு 15-லருந்து 20 டிகிரி வரைக்கும் இருக்கிற மண்ணுதான் பிடிக்கும், தகர ஷீட்டுக்கு அடியில வச்சா ஒண்ணும் வராது. டெஸ்ட் முடிஞ்ச மண்ணைக் காட்டுல கொட்டாதீங்க, கொதிக்கிற தண்ணியை ஊத்தி ஆற விட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

அதே ரகம், அதே காடு, வருஷத்துக்கு வருஷம் மணி கூடுது

டம்ளர் டெஸ்ட்லயும் சதவீதம் ஏறுதுன்னா இது நிஜமாவே தாண்டிப் போற கேஸ். உங்க மண்ணுல ஆரம்பத்துலயே நூத்துல ஒண்ணு ரெண்டு புழு அந்த ரகத்துல பொழைக்கிற தன்மையோட இருந்திருக்கும். அது மட்டும் பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளைங்க மட்டும் பிள்ளை பெத்து, கூட்டத்தோட குணமே மெல்ல மாறிடும். ஹெச்1 விஷயத்துல இதை நெதர்லாந்துல புழுவைக் கலப்புப் பண்ணியே 1991-ல நிரூபிச்சாங்க, தாண்டுற குணம் ஒடுங்கு பண்பா வருது, அதாவது ரெண்டு பக்கத்துலருந்தும் வந்தாதான் வெளிய தெரியும். அதனால முதல் சில வருஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்.

ஒரு பயிருக்கு ஒரு தலைமுறைதான் இந்தப் புழுவுக்கு பெரும்பாலும். ஐரோப்பாவுல மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கிழங்கு போடுறவங்களுக்கு பத்து தலைமுறைன்னா முப்பது நாப்பது வருஷம். நம்மாளு ஒரே தட்டுல (மலைச்சரிவுல வெட்டுன படி வயல்ல) வருஷத்துக்கு ரெண்டு போகம் கிழங்கு போட்டா அதே பத்து தலைமுறை அஞ்சு வருஷத்துல முடிஞ்சுரும். ஊரே குளுகுளுன்னு இருக்கிறதால புழுவுக்கு வெயில் தொல்லையும் கிடையாது. அதனால ஐரோப்பாவுல நாப்பது வருஷம் தாங்குன எதிர்ப்பு இங்கேயும் தாங்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அங்கேயே தாங்கலைங்கிறது வேற விஷயம், ஜெர்மனி வடமேற்குல எம்ஸ்லாண்டுங்கிற பக்கம் ஸ்டார்ச்சுக்காக எதிர்ப்பு ரகத்தையே நெருக்கி நெருக்கி போட்ட காட்டுல, அதுவரைக்கும் நல்லா நின்ன பல்லிடா எதிர்ப்பு ரகங்களை எல்லாம் தாண்டுற கூட்டம் பத்து வருஷத்துக்கு முன்னாடியே கிளம்பிருச்சு. பழைய பா2, பா3 பட்டியல்ல அதை எங்க வைக்கிறதுன்னே தெரியாம முழிச்சாங்க, பல்லிடாவுல பா2-க்கும் பா3-க்கும் நடுவுல கோடு தெளிவா இல்லைங்கிறது முன்னாடியே தெரிஞ்ச விஷயம்தான்.

செய்ய வேண்டியது: அந்தத் திட்டுல அந்த ரகத்தை நிறுத்துங்க, ஜோதிக்கும் போகாதீங்க. மூணு நாலு வருஷம் கிழங்குக் குடும்பமே வேணாம். திரும்ப வர்றப்ப வேற மூலத்துலருந்து எதிர்ப்பு வாங்குன ரகம் கிடைக்குமான்னு கேட்டு, டம்ளர்ல போட்டுப் பாத்துட்டு வாங்க. வேப்பம்புண்ணாக்கு, சூடோமோனாஸ்ங்கிற நல்ல பாக்டீரியா, கடுகு ஊடுபயிர் எல்லாம் எண்ணிக்கையைக் குறைக்க கை கொடுக்கும், ஆனா தாண்டுற புழுவையும் தாண்டாத புழுவையும் அது பிரிச்சுப் பாக்காது. பழைய ஆளுங்க குருணை மருந்தைக் கேப்பாங்க, அந்த கார்போஃபியூரானை கேரளா 2011-லேயே தடை பண்ணிருச்சு, மலை இறங்கி வாங்கிட்டு வர்ற வேலையும் வேணாம், ஊத்துத் தண்ணிதான் எல்லாரும் குடிக்கிறோம்.

பக்கத்துக் காட்டுல அதே ரகம் ஜம்முனு நிக்குது

நிக்கட்டும். இந்தப் புழு தானா நகர்றது வருஷத்துக்கு ஒரு மீட்டர்கூட தேறாது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது வேற மூட்டையில, வேற வருஷத்துல, வேற மலையிலருந்து வந்த கூட்டமா இருக்கலாம். அவருக்கு ரோ1 மட்டும், உங்களுக்கு பல்லிடா கலப்புன்னா ஒரே ரகம் ரெண்டு மாதிரி நடந்துக்கும், அதுல ஆச்சரியம் இல்ல. அதனாலதான் மம்பட்டி, டில்லர், செருப்பு, சாக்கு எதையும் மண்ணோட இரவல் வாங்காதீங்கன்னு சொல்றது, உங்ககிட்ட இல்லாத வகையை அவரும் அவர்கிட்ட இல்லாததை நீங்களும் மாத்திக்கிறீங்க. விதைக்கிழங்கும் அப்படித்தான். நீலகிரியிலருந்து விதை வெளிய போகக்கூடாதுன்னு 1971-லயே உத்தரவு, 2018-ல ஹிமாச்சல், உத்தரகாண்ட், காஷ்மீர் விதைக்கும் மத்திய அரசு தடை போட்டுச்சு, ஆனா மண்டியில சாப்பாட்டுக் கிழங்குன்னு வந்து மலையேறுனதும் விதையாகுறதை யாரு நிறுத்துறது. வேற வழியில்லாம வாங்குனீங்கன்னா மண்ணைச் சுத்தமா கழுவி, 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்ல 30 நிமிஷம் போட்டு, நல்ல தண்ணியில அலசி, நிழல்ல உலத்தி அப்புறம் நடுங்க. கடையில வாங்குற திரவம் ஒவ்வொண்ணும் ஒரு வீரியம், எத்தனை மடங்கு கலக்கணும்னு லேபிளைப் பாத்து கணக்குப் போடுங்க. கழுவுன தண்ணியை வாய்க்கால்ல விடாதீங்க.

வேர்ல மணி இல்ல, முடிச்சு முடிச்சா வீங்கியிருக்கு

அது வேர்முடிச்சு நூற்புழு, வேற ஆளு. கிழங்குத் தோல்லயும் பரு மாதிரி வரும். மேல சொன்ன எதிர்ப்பு ரகம் எதுவும் அதுக்காக வந்தது இல்ல. கேரட், பீன்ஸ் எல்லாத்தையும் அது தாக்கும், அதனால பயிர் மாத்துற திட்டமே வேற.

பச்சையா இருக்கிறப்பவே ரெண்டு மூணு நாள்ல செடி மொத்தமா வாடிருச்சு

நூற்புழு இவ்வளவு அவசரப்படாது. தண்டை அடியில வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில தொங்க விடுங்க, வெள்ளையா நூல் மாதிரி பால் இறங்குனா பாக்டீரியா வாடல். இந்தப் பக்கத்தை மூடிட்டு அதைக் கவனிங்க.

லேபுக்கு அனுப்புனேன், "நூற்புழு உண்டு"ன்னு மட்டும் எழுதி வந்துருக்கு

அதை வச்சு ரகம் தேர்ந்தெடுக்க முடியாது. அனுப்புறப்பவே மூணு கேள்வி பேப்பர்ல எழுதி வைங்க: ஒண்ணு, எந்த இனம், ரெண்டும் கலந்திருக்கா; ரெண்டு, நூறு கிராம் மண்ணுல எத்தனை கூடு, கூட்டுக்குள்ள முட்டை உயிரோட இருக்கா; மூணு, முடிஞ்சா வகை என்ன. மூணாவதுக்கு வகை பிரிக்கிற அந்த அளவுகோல் வரிசைகள்ல புழுவை வளத்துப் பாக்கணும், மாசக்கணக்காகும், எல்லா இடத்துலயும் செய்ய மாட்டாங்க, ஊட்டி முத்தோரையில இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு நிலையத்துல கேட்டுப் பாருங்க. இனம் பாக்கவும் எண்ணிக்கை பாக்கவும் கேரள வேளாண் பல்கலைக்கழகத்து நூற்புழு பிரிவு போதும், கிருஷி பவன் (ஊர் வேளாண் ஆபீஸ்) மூலமா போனா சுலபம்.

மண்ணு எடுக்கிறது கிழங்கு வெட்டுன உடனே. திட்டோட நட்ட நடுவுல ஒரு கூடை அள்ளாதீங்க, காடு பூரா குறுக்கும் நெடுக்குமா நடந்து நாப்பது அம்பது இடத்துல, ஒரு சாண் ஆழம் வரைக்கும், ஸ்பூன் அளவுக்கு எடுத்து சேருங்க. ஒவ்வொரு தட்டுக்கும் தனி கவர், கலக்கக்கூடாது. நிழல்ல காய வச்சு, ரெண்டு கவர் போட்டு கட்டி, மேல தட்டோட அடையாளம், கடைசி மூணு பயிர், ரகத்தோட பேரு எழுதுங்க. மாநிலம் தாண்டி அனுப்புறதா இருந்தா முதல்ல போன் பண்ணி கேட்டுட்டு அனுப்புங்க, புழு உள்ள மண்ணை பஸ் பார்சல்ல போட்டு, கவர் கிழிஞ்சு வழியெல்லாம் சிந்தி, இன்னொரு மலைக்கு நாமளே கொண்டு போய் சேத்துரக்கூடாது.